டிபிசி (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம்) ஆன்லைன் பதிவு பத்தி தீசிஸ்: கேள்வித்தாள்ல ஒண்ணு வருது, களத்துல வேற ஒண்ணு நடக்குது

வெண்ணாத்தங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மேனேஜ்மென்ட்ல பிஎச்டி பண்றேன், இது மூணாவது வருசம். சொந்த ஊரு நீடாமங்கலம் பக்கம், அப்பா விவசாயிதான். நெல் கொள்முதலுக்கு வந்திருக்குற ஆன்லைன் பதிவை விவசாயிங்க எப்படி ஏத்துக்குறாங்கங்கறதுதான் என் தலைப்பு. கைடு சொன்னபடி, புதுத் தொழில்நுட்பத்தை ஆளுங்க ஏன் ஏத்துக்குறாங்கன்னு சொல்ற டேவிஸோட 1989 மாடலை எடுத்துக்கிட்டேன், இது பயன் தரும்னு நெனைக்கிறீங்களா, சுலபமா இருக்கா, தொடர்ந்து பயன்படுத்துவீங்களா, இப்படி ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடுற மாதிரி கேள்வித்தாள் அடிச்சு, போன தாளடி அறுப்பு சமயத்துல களம் களமா ஏறி இறங்கி முந்நூறு சொச்சம் பேர்கிட்ட வாங்கிட்டேன்.

பிரச்சனை என்னன்னா எல்லாரும் நாலு இல்லாட்டி அஞ்சு. ஸ்மார்ட்பிஎல்எஸ்ங்குற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல போட்டா நல்லாத்தான் வரும், கைடுக்கும் சந்தோசம், ஆனா எனக்கு மனசு ஒப்பல. ஒரு பெரியவரு சொன்னது இன்னும் காதுலயே நிக்குது: "பயனுள்ளதா இருக்கான்னு கேக்குறியே பாப்பா, இதுல பதியாம நெல்லைப் போட முடியாது, அப்ப பயனுள்ளதுதானே, அஞ்சு போட்டுக்க." அவரு பொய் சொல்லல. என் கேள்விதான் அவருகிட்ட போயி சேரல.

இன்னொண்ணு. நான் அதிக நாள் உக்காந்திருந்த டிபிசியில, ஊர் பேரு வேணாம், பட்டியல் எழுத்தர் மேசையில கம்ப்யூட்டரும் இருக்கு, அது பக்கத்துலயே நீளவாக்குல ஒரு நோட்டும் இருக்கு, அட்டை கிழிஞ்சு சணல் கயித்தால கட்டி வச்சிருக்காரு. யாரு வந்தாலும் அவரு முதல்ல தொறக்கறது அந்த நோட்டைத்தான். பேரு, ஊரு, குவியல் களத்துல எந்த மூலையில கெடக்குது, உத்தேசமா எத்தன சிப்பம் (மூட்டை) வரும், போன் நம்பரு. சில பேரைச் சுத்தி வட்டம் போட்டுருக்கு, சில பேருக்குக் கீழ கோடு இழுத்துருக்கு. அன்னிக்கு எடை போட்டு முடிச்சப்புறம் சாயங்காலமாத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்துறாரு. எஸ்எம்எஸ்ல வந்த தேதிக்கும் உண்மையில நெல்லு எடுத்த தேதிக்கும் பல பேருக்குப் பொருந்தவே இல்ல, ஆனா அதுக்காக அங்க யாரும் சண்டையும் போடல.

எனக்குத் தோணுறது, நான் தேடி வந்த தகவல் அமைப்பு அந்த நோட்டுலதான் இருக்கு. கைடுகிட்ட சொன்னா "அது டேட்டா இல்லம்மா"ங்குறாரு. அடுத்த மாசம் டிசி (ஆராய்ச்சியை மேற்பார்வை பாக்குற டாக்டரல் கமிட்டி) மீட்டிங். நோட்டை வச்சு தீசிஸ் எழுத முடியுமா, இதுக்கு முன்னாடி யாராச்சும் அப்படி செஞ்சிருக்காங்களா, கையில இருக்குற கேள்வித்தாளை என்ன பண்றது? ரொம்ப முக்கியமா, நான் எழுதப்போயி அந்த எழுத்தருக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கல்லணைக்கால்வாய் எழுதியது:

நான் பதினாறு வருசமா இந்தத் தகவல் அமைப்பு சப்ஜெக்ட்டைத்தான் நடத்துறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்மா, பொறுமையா படி.

முதல்ல உனக்கு நாலும் அஞ்சுமா வந்ததுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. டேவிஸ் அந்த மாடலை யாரை வச்சு சரிபார்த்தாருன்னு பாரு, டொரண்டோவுல ஐபிஎம் லேப்ல மெயிலும் ஃபைல் எடிட்டரும் பயன்படுத்துன 112 பேரு, அப்புறம் சாயங்கால எம்பிஏ படிச்ச 40 பேரு. பிடிக்கலன்னா விட்டுட்டு வேற வழி பாத்துக்கலாம்னு கொஞ்சமாச்சும் இடம் இருக்குறவங்க. அந்த இடம் இருந்தாத்தான் "ஏத்துக்குறது"ங்குற வார்த்தைக்கே அர்த்தம். விஏஓ ஒப்புதல் இல்லாம, பதிவு இல்லாம ஒரு சிப்பம் கூடப் போட முடியாதுங்குற எடத்துல ஒருத்தரு ஏத்துக்கிட்டாரான்னு கேட்டா என்ன சொல்லுவாரு? வெங்கடேஷும் கூட்டாளிகளும் 2003ல எட்டு மாடலை ஒண்ணாக்கி எழுதுனப்போ தானா விரும்பிப் பயன்படுத்துறதா, கட்டாயமாங்குறதைத் தனியா வச்சுத்தான் பாத்தாங்க, மத்தவங்க சொல்லுக்காகப் பயன்படுத்துறதுங்குற காரணம் கட்டாயமான எடத்துலதான் எடுபடுதுன்னும் கண்டுபிடிச்சாங்க. ஒரு தகவல் அமைப்பு வெற்றியான்னு அளக்க டிலோன், மெக்லீன் 1992ல போட்ட மாடல்ல "பயன்பாடு"ங்குறதையே வெற்றிக்கு ஒரு அளவா வச்சதை செடன் 1997ல எதிர்த்து எழுதுனாரு. ஆக உன் சந்தேகம் புதுசு இல்ல, உனக்கு முன்னாடி பெரியவங்களே அதுல முட்டிக்கிட்டு இருந்திருக்காங்க, டிசியில இதைத் தைரியமா சொல்லு.

நோட்டு விஷயத்துக்கு வர்றேன். கார்ஃபிங்கெல்னு ஒரு சமூகவியல்காரரு, 1967ல வந்த அவரோட புத்தகத்துல ஒரு அத்தியாயம், ஒரு மனநல வெளிநோயாளி கிளினிக்ல ரெக்கார்டெல்லாம் ஏன் அரைகுறையா இருக்குன்னு. அவங்க ஆராய்ச்சிக்குன்னு போயி பைலைப் பாத்தா பாதி கட்டம் காலியாக் கெடக்கு. முதல்ல சோம்பேறித்தனம்னுதான் யாருக்கும் தோணும். ஆனா அந்த வேலைக்குள்ள இருக்குறவங்களுக்கு எழுதாம விடுறதுக்கு நியாயமான காரணம் இருக்குன்னு அவரு காமிச்சாரு. நீ உன் எழுத்தர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி அதுதான். சிஸ்டத்துல ஏன் உடனே ஏத்தலன்னு குத்தமா கேக்காத. நோட்டுல எழுதுறதுல என்ன வசதின்னு கேளு.

லெஸ் காஸர்னு ஒருத்தரு 1986லயே இதை நம்ம துறைக்குள்ள கொண்டாந்தாரு. கம்ப்யூட்டர் கேக்குறதும் அன்றாட வேலை கேக்குறதும் ஒத்துப்போகாதப்போ ஆளுங்க என்ன செய்யுறாங்க, வேலையைக் கொஞ்சம் வளைச்சுக்குறாங்க, கூடுதலா ஒரு வேலையைச் சேத்துக்குறாங்க, இல்லாட்டி சிஸ்டத்தைச் சுத்திக்கிட்டுப் போறாங்க. உன் எழுத்தரு மூணையும் ஒரே நாள்ல செய்யுறாரு. அதனால "அது டேட்டா இல்ல"ன்னு சொன்னா இந்த ரெண்டு பேரையும் எடுத்து வை. முறை என்னன்னு கேட்டா க்ளைன், மையர்ஸ் ரெண்டு பேரும் 1999ல எம்ஐஎஸ் குவார்ட்டர்லிங்குற ஆய்விதழ்ல எழுதுன ஏழு கோட்பாடு, கள ஆய்வை எப்படி நடத்தணும், எப்படி மதிப்பிடணும்னு அதுல தெளிவா இருக்கு.

கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டுடாத. எல்லாரும் அஞ்சு போட்டதே உனக்கு முதல் அத்தியாயம், ஏன் அஞ்சு போட்டாங்கங்குறதுலேருந்து ஆரம்பி.

கீழவீதி ஜெராக்ஸ் எழுதியது:

தங்கச்சி, நான் ஆராய்ச்சியெல்லாம் படிக்கல, ஆனா உங்க பதிவைப் பாத்துட்டு எழுதாம இருக்க முடியல, ஏன்னா அந்தப் பதிவு எல்லாத்தையும் போடுறது நான்தான். கடை வச்சு ஒம்போது வருசம் ஆவுது, பட்டா சிட்டா எடுக்குறது, பயிர்க் காப்பீடு, நெல்லு பதிவு எல்லாம் இங்கதான். உங்க கேள்வித்தாள்ல சுலபமா இருக்கான்னு கேட்டீங்கள்ல, அதுக்கு மார்க் போட்டவங்கள்ல எத்தன பேரு அந்த ஸ்கிரீனைப் பாத்திருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க? எங்கிட்ட வர்றவங்க ஆதாரு, பேங்க் பாஸ்புக்கு, சிட்டா அடங்கல் எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டுக் கொண்டாந்து மேசையில கொட்டிட்டு பெஞ்சுல போயி உக்காந்துக்குவாங்க. அவங்களுக்குச் சுலபந்தான், பெஞ்சுல உக்காந்துருந்தா முடிஞ்சுருது.

எங்க பக்கத்துல நெலத்தை யாரு ஹெக்டேருல சொல்றா? "அஞ்சு மா இருக்கும்மா"ன்னுதான் சொல்லுவாங்க. மூணு மா ஒரு ஏக்கரு, அப்ப அஞ்சு மாவுக்கு ஒரு ஏக்கரு அறுபத்தாறு சென்ட்டு சொச்சம், அதை ஏருக்கு (ஹெக்டேருல நூத்துல ஒரு பங்கு) மாத்துனா அறுபத்தேழு சொச்சம். சிட்டாவுல ஹெக்டேரு, ஏருன்னு இருக்கும், அதுலயும் கூட்டுப் பட்டாவா இருந்தா அண்ணன் தம்பி நாலு பேரு பேரும் ஒண்ணாக் கெடக்கும், யாரு எந்தப் பக்கம் ஓட்டுறாங்கன்னு வாயிலதான் சொல்லுவாங்க, சர்வே நம்பரு உட்பிரிவுல ஒரு எழுத்து மாறுனா அவ்ளோதான், விஏஓ திருப்பி விட்டுருவாரு, திரும்ப முதல்லேருந்து போடணும்.

அப்புறம் போன். ஆதாருல இருக்குற நம்பரு சிங்கப்பூர்ல இருக்குற மவனுது. ஓடிபி அங்க போவும், இந்தம்மா இங்கேருந்து வாட்சப்புல கூப்புடுவாங்க, அந்தப் பையன் வேலையில இருப்பான், எடுக்க மாட்டான், அதுக்குள்ள டைம் முடிஞ்சுரும். அதனால நானும் ஒரு நோட்டு வச்சிருக்கேன். யாரு மவனுக்கு எந்த நேரம் சாப்பாட்டு இடைவேளை, யாருக்கு ராத்திரி ஷிப்டுன்னு அதுல எழுதி வச்சிருக்கேன். நம்ம ஊரு நேரத்துக்கு ரெண்டரை மணி கூட்டிக்கணும். அந்த நேரத்துக்குப் போடுவேன், உடனே நம்பரு வந்துரும்.

உங்க தீசிஸ்ல எழுத்தரு நோட்டை எழுதுறப்போ எங்க மாதிரி கடையையும் ஒரு பக்கம் எழுதுங்க. நீங்க வந்தா நோட்டைக் காட்டுறேன், படம் மட்டும் எடுக்க வேணாம், அதுல எல்லாரு நம்பரும் இருக்கு.

கோட்டகம் எழுதியது:

எல்லாரும் நோட்டைப் பெருமையா பேசுறதைப் பாத்தா எனக்குக் கஷ்டமா இருக்கு, மன்னிக்கணும். நான் எட்டு ஏக்கர் சம்பா போடுறவன். ஆன்லைன் பதிவு வேணும்னு மனு கொடுத்தவங்கள்ல நானும் ஒருத்தன். ஏன் கொடுத்தோம்? வரிசை ஒருத்தரு கையில இருந்துச்சு. வெளியூரு வியாபாரி நெல்லு லாரியில வந்து ராவோட ராவா எறங்கும், எங்க குவியல் மழையில மொளைச்சுக் கெடக்கும், நோட்டைக் காட்டச் சொன்னா காட்ட மாட்டாங்க. 2025-26க்கு பொது ரகம் குவிண்டாலுக்கு 2,500, சன்ன ரகம் 2,545ன்னு விலை தெளிவா அறிவிச்சாங்க, யாரு போட்டாலும் அதே விலைதான், ஆனா என்னிக்குப் போடுறோங்குறதுல அந்த விலையே போயிரும். பத்து நாள் காத்துக்கெடந்தா காவக்கு ஆளு, தார்ப்பாய் வாடகை, தூத்துறவங்களுக்குத் திரும்பக் கூலி. பென்சிலால எழுதுன நோட்டுல யாரு பேரையும் அழிச்சு மேல போடலாம், சிஸ்டத்துல அழிச்சா தடம் இருக்கும். தங்கச்சி, அந்த எழுத்தரு நல்ல மனுசனா இருக்கலாம், எல்லா எடத்துலயும் அப்படின்னு எழுதிடாதீங்க.

பழைய பட்டியல் எழுதியது:

நான் இருபத்தி ரெண்டு வருசம் சீசன் சீசனா பட்டியல் எழுதுனவன், இப்ப வீட்டோட இருக்கேன். தம்பி கோட்டகம் சொல்றதுல நியாயம் இருக்கு, அந்தக் காலத்துல நானே கண்ணால பாத்துருக்கேன், இல்லேங்கல. ஆனா நோட்டு எதுக்குன்னு அந்தப் புள்ள கேட்டுருக்கு, அதுக்கு நான் சொல்றேன்.

தை மாசி பனியில காலையில ஒம்போது மணிக்குக் கொள்முதல் ஆரம்பம். எஸ்எம்எஸ்ல முதல் ஆளா ஒருத்தரு இருப்பாரு, அவரு குவியலு வாய்க்கா ஓரமா வேப்ப மர நெழல்ல கெடக்கும். மிஷினை வச்சுப் பாத்தா ஈரப்பதம் பத்தொம்போது சதவீதம் காட்டும். பதினேழுக்கு மேல எடுத்தா பின்னாடி கெடங்குல என் பேர்லதான் எழுதுவாங்க, எடை குறைஞ்சா என்கிட்டதான் புடிப்பாங்க. அவரைத் திருப்பி அனுப்பிட்டா இன்னொரு பதிவு, இன்னொரு தேதி. நான் என்ன செய்வேன், நெல்லை ரெண்டு எடுத்து பல்லுல கடிச்சுப் பாப்பேன், டக்குன்னு ஒடைஞ்சா சரி, நசுங்குனா ஈரம். "வெயிலு ஏறட்டும், பிரிச்சு வுடுங்க, பதினோரு மணிக்குப் பாப்போம்"பேன், அதுவரைக்கும் மேட்டுல காஞ்சு கெடக்குறவரைத் தூத்தச் சொல்லிருவேன். இந்த வரிசை நோட்டுல இல்லாம எதுல இருக்கும்? குவியலு மர நெழல்ல கெடக்குதுன்னு எழுத ஸ்கிரீன்ல கட்டம் இல்லையே.

லாரி அதை விடப் பெரிய விஷயம். கெடங்குக்கு மூட்டை போகலைன்னா எடை போட்டு அடுக்க எடம் இல்ல, சாக்கு வரலைன்னா போட ஒண்ணும் இல்ல, அப்ப தேதியெல்லாம் தானா தள்ளிப்போவும். ஒவ்வொருத்தருக்கும் நான்தான் போன் போட்டு "நாளைக்கு வராதீங்க, நாளானிக்கு வாங்க"ன்னு சொல்லணும். அதுக்குத்தான் நோட்டுல போன் நம்பரு, அதுவும் சிங்கப்பூரு நம்பரு இல்ல, பக்கத்து வூட்டு நம்பரு.

பாப்பா, அந்த எழுத்தரு என்னை மாதிரி சீசன் வேலைக்காரராத்தான் இருப்பாரு. ஊரு, களத்து அடையாளம், எந்தப் பருவம்னு எதுவும் எழுதிராத. பக்கத்து டிபிசிக்காரன் படிச்சா கூட யாருன்னு தெரியக்கூடாது. எழுதுனதை அவருகிட்ட ஒரு தரம் வாசிச்சுக் காட்டிட்டு அப்புறம் கொடு.

கல்லணைக்கால்வாய் எழுதியது:

ஐயா சொன்னதை அப்படியே உன் களக்குறிப்புல சேத்துக்கலாம்மா, அவரு அனுமதி கொடுத்தா. கோட்டகம் தம்பி சொன்னதையும் விட்டுடக்கூடாது, க்ளைன் மையர்ஸ் ஏழுல கடைசி ரெண்டும் இதுதான், ஒரே சம்பவத்துக்கு ஆளாளுக்கு வேற வேற விளக்கம் இருக்கும்னு எடுத்துக்கிறது ஒண்ணு, சொல்றவங்க சொல்றதைச் சந்தேகத்தோட பாக்குறது இன்னொண்ணு. அதனால நோட்டு நல்லது, சிஸ்டம் கெட்டதுன்னோ அதுக்கு மாறாவோ முடிவெடுத்துட்டு உள்ள போகாத. நோட்டு வரிசையையும் சிஸ்டம் வரிசையையும் பக்கம் பக்கமா வச்சு, மாறுன ஒவ்வொரு பேருக்கும் ஏன் மாறுச்சுன்னு கேளு. வெயிலா, லாரியா, சொந்தக்காரரா, பணமா. கடைசி ரெண்டுக்கும் நேரடியா பதில் வராது, அதுக்குத்தான் மாத்தப்பட்ட விவசாயிகிட்டயும் தனியா கேக்கணும்.

கோட்டகம் தம்பி விலையைப் பத்திச் சொன்னதும் எனக்கு ஜென்சன் ஞாபகம் வந்துச்சு. கேரளாவுல மீனவங்க கைக்கு செல்போன் வந்தப்புறம் மத்தி மீன் விலை ஊருக்கு ஊரு வித்தியாசப்படுறது கொறைஞ்சுதுன்னு அவரு 2007ல எழுதுனது ரொம்பப் பேரு எடுத்துக் காட்டுறது. அங்க தகவல்னா எந்தக் கரையில என்ன விலைங்குறது. இங்க விலை முன்னாடியே அறிவிச்சாச்சு. இங்க தகவல்னா என்னிக்கு மூட்டை எடுப்பாங்கங்குறதுதான், அது வானத்தையும் லாரியையும் பாத்துத்தான் தெரியும். இந்த வித்தியாசத்தை யாரும் நல்லா எழுதி நான் பாக்கல, இது உன்கிட்ட இருக்கு, கெட்டியா புடிச்சுக்க.

தாளடி எழுதியது:

ஒரு விஷயம் யாரும் சொல்லல. எங்க பக்கம் பாதி நெலம் கோயிலு, மடத்து நெலம், நாங்க மூணு தலைமுறையா குத்தகை. குத்தகைப் பதிவுக்கு 1969லயே சட்டம் போட்டாங்க, ஆனா வாய்மொழியா ஓட்டுறவங்க இன்னும் நெறைய இருக்காங்க. சிட்டாவுல எங்க பேரு வராது, அடங்கல்ல பேரு ஏறுறது விஏஓ கையில. ஏறலைன்னா நெலம் இருக்குற யாராச்சும் பேர்ல பதிஞ்சு நெல்லைப் போடணும், பணம் அவங்க கணக்குல ஏறும், அவங்க எடுத்துக் கொடுக்கணும். சிஸ்டத்துல பாத்தா அவரு வெளைச்சது, நோட்டுல மட்டும் எங்கப்பா பேரு இருக்கும், அதுக்குப் பக்கத்துல அடைப்புக்குள்ள அவரு பேரு. உங்க முந்நூறு பேருல எங்கள மாதிரி எத்தன பேருன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?

வெண்ணாத்தங்கரை எழுதியது:

பன்னெண்டு நாள் கழிச்சு எழுதுறேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குறுவை அறுப்பு நடக்குது, அதே டிபிசிக்குத் திரும்பப் போயி காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் சும்மா உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். கேள்வித்தாள் எடுத்துட்டுப் போகல. கைடுகிட்ட கார்ஃபிங்கெல் அத்தியாயத்தைக் கொடுத்தேன், ரெண்டு நாள் ஒண்ணும் பேசல, அப்புறம் கூப்பிட்டு ஒரு அத்தியாயம் மட்டும் எழுதிக் காட்டுன்னு சொல்லிருக்காரு, டிசியில அவரே பேசுறேன்னாரு.

தாளடி அண்ணே, நீங்க கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல. கேள்வித்தாள்ல நிலம் யாரு பேர்லன்னு கேட்டேன், நெல்லு யாரோடதுன்னு கேக்கவே இல்ல. அதைத் திரும்பப் போயிதான் கேக்கணும்.

ஜெராக்ஸ் கடை அக்கா, அடுத்த வாரம் வர்றேன், படம் எடுக்க மாட்டேன்.

எழுத்தர்கிட்ட முதல்ல அனுமதி கேட்டேன், ஐயா சொன்னபடி ஊரு, அடையாளம் எதுவும் வராது, எழுதுனதை வாசிச்சுக் காட்டிட்டுத்தான் கொடுப்பேன்னு சொன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்புறம் டீ சொல்லி, கயித்தை அவுத்து நோட்டை என் பக்கம் திருப்பி வச்சாரு. வட்டம் என்னன்னு கேட்டேன், நனைஞ்ச நெல்லு, காயவச்சு ரெண்டாந்தரம் பாக்கணும்னு. நான் பாத்த பக்கங்கள்ல நிறைய வட்டம் வாய்க்கா ஓரம்னு எழுதுன பேருக்குத்தான், ஆனா ரெண்டு வட்டம் மேட்டுப் பக்கம் கெடக்குற குவியலுக்கு, அதுக்கு ஏன்னு கேட்டப்போ அவரு பதில் சொல்லல, நான் குறிச்சு வச்சிருக்கேன். கோட்டகம் அண்ணே, அது உங்களுக்காக.

கீழ கோடு என்னன்னு கேட்டேன். "அது வீட்டுக்காரரு தவறிப் போனவங்கம்மா"ன்னாரு. பட்டா அவரு பேர்லயே இருக்கு, வாரிசு சான்று இன்னும் வரல, அதனால பதிவு ஏறாது, யாராச்சும் பங்காளி பேர்ல ஏத்தணும். பங்காளி ஊர்ல இருக்குற நாளாப் பாத்து அவங்களை வரச் சொல்றதுக்குத்தான் கோடு. இந்தப் பருவத்துப் பக்கங்களைப் புரட்டுனதுல கோடு போட்ட பேரு ஆறு. ஆறுல ரெண்டு பேரு எங்க பக்கத்து ஊரு, சம்பா அறுப்பு வர்றதுக்குள்ள அவங்களைப் போயி பாத்துட்டு வர்றேன், பணம் கைக்கு வர எத்தன நாளாச்சுன்னு கேட்டு எழுதுறேன்.